வராதவள் உடைத்தது

பியூரெட் ஒன்று, ஐம்பது மில்லி.
முந்நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது.
உடைத்தவர்: சூ. அடைக்கலமேரி,
முதுநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு.
ஏப்ரல் பதினேழு.
கீழே ஆய்வக உதவியாளர் சோணைமுத்துவின்
சாய்ந்த கையெழுத்து.

அதே ஏப்ரல் பதினேழில்
பல்கலைக்கழக ஏட்டில்
என் பதிவெண்ணுக்கு நேரே மூன்று எழுத்து,
மூன்றும் ‘ஏ’.
செய்முறைத் தேர்வுக்கு
நான் வரவே இல்லையாம்.

தேர்வுப் பிரிவு, துறைக்குப் போ என்றது.
துறை, தேர்வுப் பிரிவுக்குப் போ என்றது.
இரண்டுக்கும் நடுவே காரைக்குடி வெயில்,
செம்மண் ஏறிய என் செருப்பு,
ஒன்பது மனு.

புதுவயல் அரிசி ஆலையில்
மூட்டைக்கணக்கு எழுதுகிறேன்.
‘படிப்பை முடிச்சியா, முடிக்கலியா?’
என்றார் முதலாளி.
முடிச்சிட்டேன், பட்டம் தரல என்றேன்.
அது என்ன கணக்கு என்றார்.
லோடு உள்ள வந்துருச்சு,
சீட்டுல ஏத்தல.
புரிந்துகொண்டார்.
சம்பளத்தை மட்டும் ஏற்றவில்லை.

‘உன்கிட்ட என்ன இருக்கு?’
வழக்கறிஞர் திலகராணி கேட்டபோது
ரேஷன் அட்டை உறையிலிருந்து
அந்த ரசீதை உருவி நீட்டினேன்.
இரண்டு முறை படித்தார்.
விளக்கின் அடியில் பிடித்துப் படித்தார்.
‘நல்லவேளை, உடைச்சே.’

மதுரை வண்டியில்
ஒத்தக்கடைக்கு ஒரு சீட்டு.
‘ஐகோர்ட்டா?’ என்பார் நடத்துனர்,
கோப்பைப் பார்த்தே.
பட்டியலில் நாற்பத்தேழாவது.
முப்பத்தொன்றோடு பொழுது முடியும்.
போன நாளுக்கெல்லாம் ஆலைப் பேரேட்டில்
வரவில்லை என்று எழுதினார்கள்.
அது நியாயம்.

எதிர்மனுவில் பதிவாளர் சொன்னது:
மேற்படி உடைப்புக் கட்டணத்தை
மனுதாரரின் பெயரில்
வேறு எவரேனும் செலுத்தியிருக்கக்கூடும்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
‘அடுத்தவங்க பேர்ல
அபராதம் கட்டற ஊரா அது?’
மன்றம் சிரித்தது.
பல்கலைக்கழகத்தின் வக்கீலும் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இடது ஆள்காட்டி விரலில்
அன்று கண்ணாடி கிழித்த தழும்பை
கட்டைவிரலால் நெருடிக்கொண்டிருந்தேன்.
அதற்கு இணைப்பு எண் கிடையாது.

உத்தரவு வந்தது, ஒன்றரைப் பக்கம்.
மனுதாரரின் கோரிக்கையை
எட்டு வாரத்துக்குள் பரிசீலிக்கவும்.
பரிசீலிக்கவும்.
கொடு என்று சொல்லவில்லை அம்மா என்றேன்.
அந்தச் சொல்லில் இருந்து
அம்மா வேறு எதையும் கேட்கவில்லை,
ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு
மெழுகுவத்தி மட்டும் கூடுதலாய் ஒன்று வாங்கினாள்.

இது ஆறாவது வாரம்.
ரசீதின் அசல் நீதிமன்றக் கட்டில்,
இருபத்துமூன்றாம் பக்கம்.
என்னிடம் இருப்பது நகல்,
அதில் சோணைமுத்துவின் சுழி
சரியாக விழவில்லை.

அன்று என்ன நடந்ததென்று
எந்த மன்றமும் கேட்கவில்லை, சொல்கிறேன்.
முனையில் ஒரு சொட்டு தொங்கியது.
அது விழுந்தால் இளஞ்சிவப்பு,
இன்னொன்று விழுந்தால் எல்லாம் பாழ்.
மூச்சை அடக்கி நின்றேன்.
கவ்வி நழுவியது.
கண்ணாடி, ரத்தம், சோடா உப்பின் எரிச்சல்.
சோணைமுத்து பெருக்கினார்,
ரசீது போட்டார்,
வேறொன்றை மாட்டினார்.
நான் பூச்சியத்திலிருந்து தொடங்கினேன்.

பதினெட்டுப் புள்ளி நான்கு.
விடை அதுதான்.
எந்த அலமாரியிலோ, எந்தக் கட்டிலோ
சணல் கயிற்றின் கீழே
என் கையெழுத்தில் இருக்கிறது,
ஓரத்தில் பழுப்பேறிய ஒரு விரல்ரேகையோடு.